பசை பூசிய புறங்கை

புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு அது உடனே படுத்துவிடும். கிள்ளின இடம் எதுவென்றே தெரியாது. எனக்குப் படுக்காது. கூரை வீட்டு முகடு மாதிரி எழுந்து நிற்கும். நான் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதற்கு இறங்க மனசு வராது. இந்தச் சங்கதி எனக்கே வெகு காலம் தெரியாது. தன் கையைத் தானே கிள்ளிப் பார்க்கிற வேலை யாருக்கு வரப்போகிறது? எனக்குப் போன வருசம் ஆடி மாசத்தில் வந்தது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய் உருட்டுகிறேன். வெடிக்கு மேலே இருக்கிற காகிதக் குழாய். இரும்புக் கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, பலகையில் வைத்து உருட்டிக் கம்பியை உருவ வேண்டும். வெடிமருந்து கையாளுகிற அறையெல்லாம் தள்ளி, தூரத்தில் இருக்கிறது. எங்கள் கொட்டகையில் காகிதமும் பசையும் பொம்பளைகளும்தான்.

அன்றைக்கு வேலை முடிகிற நேரத்தில் போர்மேன் வந்து வாசலில் நின்றார்.

"வார வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு டாக்டரம்மா வாராக. அறுபது தாண்டுனவுக எல்லாரும் காட்டணும். அவுக சரின்னு சொன்னாத்தான் சீசனுக்கு வேலை. அப்புறம் என்னைக் கொறை சொல்லக் கூடாது."

என் பக்கத்துப் பலகைக்காரி ஒருத்தி உண்டு. வருசக்கணக்காக நானும் அவளும் ஒரே பசைச் சட்டியில் கை விடுகிறோம். அவள் என்னை மதினி என்பாள், நானும் அவளை மதினி என்பேன். யார் யாருக்கு மதினி என்று இதுவரை முடிவாகவில்லை. பேச்சில் என் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். சாயங்காலம் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில எங்க அக்கா மக வேலை பாக்கா. அங்கனயும் இப்படித்தான் வந்தாகளாம். நர்சு கையைக் கிள்ளிப் பாத்துச்சாம். தோலு திரும்பாதவுகளை எல்லாம் ஓரமா உக்கார வச்சிருச்சாம்."

"உக்கார வச்சு?"

"உக்கார வச்சு என்ன, வீட்டுக்குத்தேன்."

அப்புறம் ஆளாளுக்குக் கையைக் கிள்ள ஆரம்பித்தார்கள். அறுபது ஆகாதவர்களும் கிள்ளினார்கள். எதிர் சீட்டுப் பிள்ளை ஒன்று, கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை, அதுவும் கிள்ளிப் பார்த்து, "எனக்குப் போயிருச்சு, எனக்குப் போயிருச்சு" என்று சந்தோசப்பட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்னக்கா, வண்டி பூரா ஜோசியம் பாக்கீகளா?" என்றான்.

மதினிக்குத் தோல் மெதுவாக இறங்கியது, ஆனால் இறங்கியது. அவள் என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வேன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. வேன் இறங்கியது, தோல் இறங்கவில்லை.

"மதினி," என்றாள் அவள், "வெள்ளிக்கிழமை நீங்க கையைக் காட்டாதீக."

வேலை போனால் சோற்றுக்குப் பஞ்சம் வந்துவிடும் என்று இல்லை. மகன் நல்லபடியாக இருக்கிறான், வீட்டில் உலை கொதிக்கிறது. என் கவலை வேறு. நான் அஞ்சாப்போடு நின்றவள், அதிலும் வாத்தியார் பேரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்ல வெட்கப்பட்டே பல நாள் ஆஜர் இல்லாதவள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஆனால் நாலு பேர் பேசுவதைக் கேட்காமல் இருக்கவும் முடியாது. கொட்டகையில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பேச்சு ஓடும். மாமியார் கதை, மருமகள் கதை, கர்த்தர் கதை, காளியம்மன் கதை, நேற்றைக்கு எவன் எவளோடு சாத்தூர் பஸ்ஸில் ஏறினான் என்கிற கதை. நான் குனிந்து உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பேன். யாரும் என்னைப் "பேசு" என்று சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு இடம் பேசத் தெரியாதவளுக்கு வேறு எங்கே கிடைக்கும்? வீட்டில் இருந்தால் டிவியும் வீட்டுக்காரரும். டிவி அவரோடு பேசும், அவர் டிவியோடு பேசுவார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவர் கைதான் கண்ணில் பட்டது. நாற்காலிக் கை மேல் சும்மா கிடந்தது. லாரியில் லோடு ஏற்றி இறக்கிக் காலத்தை ஓட்டியவர், என்னைவிடப் பெரியவர். போகிற போக்கில் கிள்ளினேன்.

"என்ன பிள்ள, புதுசா?" என்றார்.

கிள்ளவே தோல் வரவில்லை. டயரைக் கிள்ளினது மாதிரி இருந்தது. நகத்தை வைத்துத் தோண்டி எடுத்து ஒரு வழியாகத் தூக்கினால், விட்ட மாத்திரத்தில் படுத்துக்கொண்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. விசயத்தைச் சொல்லி என் கையை நீட்டினேன். அவர் கிள்ளிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன இது, நிக்குது?"

"நிக்குதுல்ல."

"இன்னும் நிக்குதே."

"அதைத்தான சொல்லுதேன்."

"சரி, எறங்குனதும் கூப்பிடு," என்று டிவி பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு மட்டும் எப்படி இப்படி இருக்கு?"

"ஆம்பளைத் தோலு பிள்ள. மூட்டை சுமந்த தோலு."

நான் மட்டும் என்ன பஞ்சு மெத்தையில் கிடந்தேனா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டேன், அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியிடம்.

அன்றைக்குத்தான் நிறைய விசயம் புத்தியில் பட்டது. கண்ணாடி வளையல் போடும்போது முன்னெல்லாம் எலும்புதான் தடுக்கும், சோப்பு போட்டு ஏற்றுவார்கள். இப்போது எலும்பு வழி விட்டுவிடுகிறது, தோல்தான் வளையலுக்கு முன்னால் சேலைக் கொசுவம் மாதிரி திரண்டு நிற்கிறது. வளையல்காரர் அதை ஒதுக்கி ஒதுக்கி ஏற்றுகிறார். முழங்கைக்குக் கீழே கதவுத் தாழ்ப்பாள் லேசாக உரசினாலும் கிழிந்து நீர் கசிகிறது. வீட்டுக்காரர் தன் காலில் அம்மிக்கல்லே விழுந்தபோதுகூட "கல்லுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கேட்டவர்.

வெள்ளிக்கிழமைக்குள் தோலைப் படுக்கவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் நல்லெண்ணெய். ராத்திரி தேய்த்துக் காலையில் பார்த்தால் தோல் பளபளவென்று, ஆனால் அதே முகடாக நின்றது. எண்ணெய் தேய்த்த முகடு, அம்புட்டுதான். அப்புறம் யாரோ தண்ணீர் குடித்தால் தோல் இறங்கும் என்றார்கள். எங்கள் கொட்டகையில் பொம்பளைகள் தண்ணீர் குடிப்பது குறைவு. கக்கூஸ் அந்தக் கோடியில், வெயிலில் நடந்து போகணும், போகும்போது எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பார்வைக்கே பயம். ஆனாலும் வேலை பெரிசாச்சே என்று செவ்வாய்க்கிழமை குடத்தைச் சாய்த்துக் குடித்தேன். தோலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. எங்கே போகணுமோ அங்கே போனது. நான் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்து வாட்ச்மேனே, "வயிறு சரியில்லையாம்மா?" என்று விசாரித்தார். புதன்கிழமை அந்த வைத்தியத்தை விட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கை கழுவப் போகிற இடத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று பெருமையாகச் சொல்கிறேன், அத்தனை வருசமும் தினம் பார்த்ததுதான். எங்கள் பசை மைதா மாவைக் காய்ச்சிச் செய்வது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள். உருட்டும்போது அது புறங்கையிலும் தெறித்துக் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் தோல் சுருக்கமே இல்லாமல் விறைத்து இழுத்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு ஒரு இடம் பெரிசாகக் காய்ந்திருந்தது. கிள்ளிப் பார்த்தேன், கிள்ளவே வரவில்லை. எங்க வீட்டுக்காரர் கை மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மற்றவர்கள் பலகை துடைக்கும்போது நான் ஒரு கிண்ணத்தில் பசையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். இரண்டு புறங்கையிலும் சன்னமாகத் தடவினேன். ஒரு பூச்சு போதாதென்று காய்ந்ததும் இன்னொரு பூச்சு. கருவேல மரத்துக்கு இந்தப் பக்கம் வெயிலில் இரண்டு கையையும் நீட்டித் துணி காயப்போட்ட மாதிரி காயப்போட்டேன். நரம்பு மறைந்தது, சுருக்கம் மறைந்தது. என் கல்யாணத்தில்கூட எனக்கு இப்படி ஒரு கை இருந்ததில்லை. ஒரே ஒரு குறை, விரலை மடக்க முடியவில்லை. மதினி டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கவில்லை.

"என்ன மதினி, விரதமா?"

கையைக் காட்டினேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

ஆபீசுக்கு முன்னால் துணிப்பந்தல் போட்டிருந்தார்கள். முதலில் நர்சு. சின்ன வயசு, கழுத்தில் மெல்லிசாய் ஒரு சிலுவைச் சங்கிலி. எனக்கு முன்னால் நின்றவர்களுக்குக் கண் பார்த்தது, ரத்தக் கொதிப்பு பார்த்தது. ஒருத்தர் கையையும் கிள்ளக் காணோம். இது எனக்கு நல்ல சேதியாகப் படவில்லை. என் கையைப் பார்த்தால் அல்லவா கிள்ளத் தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, "பெரியம்மா, விரலை ஒரு தரம் மடக்கித் தளர விடுங்க," என்றது.

மடக்கினேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

நர்சு குனிந்து என் கையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, மறுபடியும் கையைப் பார்த்தது. மயில்துத்தம் கலந்த பசை காய்ந்தால் லேசாக நீலம் காட்டும். நான் அதை யோசிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யோசிக்க எனக்கு எப்பவுமே ஒரு நாள் கூடுதலாக வேண்டும்.

"கை ஏன் பெரியம்மா நீலம் பாஞ்சிருக்கு? மூச்சு முட்டுதா?"

தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். நர்சுக்கு ஆமாம் என்று தெரிந்திருக்கிறது. என்னைப் படுக்க வைத்தார்கள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டி நம்பர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. மெசின் ரிப்பேர் என்று அடுத்த விரலில் மாட்டினார்கள், அதுவும் சரி. நர்சு பஞ்சை எடுத்துப் புறங்கையை அழுத்தித் துடைத்தது. பசை ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்தது, கூடவே என் தோலும் கொஞ்சம் வந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அது பதறிப்போய், "டாக்டர்" என்று கூப்பிட்டது.

டாக்டரம்மா வந்தார். நடுவயசு, நம்ம ஊர்ப் பேச்சு. என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னம்மா இது?" என்றார். நான் பந்தல் துணியைப் பார்த்தேன். வரிசையில் பின்னால் நின்ற மதினி பொறுக்க மாட்டாமல் வந்துவிட்டாள்.

"பசை பூசியிருக்காக டாக்டரம்மா."

"பசையா? எதுக்கு?"

"தோலு நிமிந்து நிக்கக் கூடாதுன்னு. சாத்தூர்க் கம்பெனியில மாதிரி நீங்களும் கிள்ளிப் பாத்து வீட்டுக்கு அனுப்பிருவீகன்னு சொன்னாக."

"யாரு சொன்னாக?"

"ஊருக்குள்ள சொன்னாக," என்றாள் மதினி, தான் அந்த ஊரிலேயே இல்லாத மாதிரி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஈரத்துணியை வாங்கி என் கையில் போட்டு, பசை ஊறட்டும் என்று காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் சொன்னார். அந்தச் சாத்தூர்க் கம்பெனியில் வெயிலில் ஒரு பெண் மயங்கி விழுந்தாளாம். உடம்பில் தண்ணீர் வற்றினால் கிள்ளின தோல் சீக்கிரம் இறங்காது, அதனால் கிள்ளிப் பார்த்திருப்பார்கள், ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். வயசானவர்களிடம் அந்தச் சோதனை செல்லாது, தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தோல் அப்படித்தான் நிற்கும் என்றார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "நாக்கு காஞ்சுதான் இருக்கு, தண்ணி குடிங்க," என்றார். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்கணும் போல இருந்தது. மதினியின் முந்தானையை இழுத்துக் காதில் சொன்னேன். அவள் சத்தமாகக் கேட்டாள்: "இவுக வீட்டுக்காரருக்கு இவுகளைவிட வயசு கூட, அவருக்கு மட்டும் ஏன் டயரு மாதிரி இருக்குன்னு கேக்காக."

இப்போது டாக்டரம்மா சிரித்தார். தோலுக்குள் இழுத்துப் பிடிக்கிற நூல் மாதிரி ஒன்று உண்டாம், இழுத்தால் திரும்புகிற ரப்பர் மாதிரி இன்னொன்று உண்டாம். வயசாக ஆக யாருக்கும் இரண்டும் கெடும், வெயில் படுகிற இடத்தில் இன்னும் சீக்கிரம் கெடும். ஆம்பளைக்குத் தோல் முதலிலிருந்தே தடிமன், அது வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும். பொம்பளைக்கு மாதவிலக்கு நிற்கிற வரைக்கும் ஒரு மாதிரி ஓடும், நின்ற பிறகு சில வருசத்தில் மளமளவென்று தேய்ந்துவிடும். "நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா, பொம்பளை உடம்புல ஒரு சுரப்பு உண்டு, அது நின்னா தோலு மெலியும்," என்றார். சந்தேகமிருந்தால் வெயில் படாத இடத்தில் கிள்ளிப் பாருங்கள் என்றும் சொன்னார். பந்தலில் அதை யார் செய்வது? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் கிள்ளிப் பார்த்தேன். டாக்டரம்மா சொன்னது நிசம். வயிற்றுக்கு என்னைவிட வயசு குறைவு.

ஆனால் அது பிறகு. அங்கே இன்னும் முடியவில்லை. கண் நன்றாக இருக்கிறது, கொதிப்பு இல்லை, நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. பசை ஊறிக் கழன்று, கிழிந்த இடம் முழுசாகத் தெரிந்ததும் டாக்டரம்மா போர்மேனைக் கூப்பிட்டார்.

"இவங்க வேலைக்கு வரலாம். ஆனா பசை வேலை குடுக்காதீங்க. இந்தத் தோலுக்கு ஈரமும் துத்தமும் ஆகாது. கிழிஞ்சா ஆற நாளாகும்."

வந்த உயிர் போய்விட்டது. கொட்டகையில் பசை இல்லாத வேலை ஏது?

போர்மேன் தலையைச் சொறிந்தார். "பாக்ஸ் செக்சன்ல ஒரு எடம் இருக்கு டாக்டர். கை நனையாது. ஆனா குரல் குடுக்குற வேலை. இவுக வாயைத் தொறந்து நான் பாத்ததே இல்லையே."

பாக்ஸ் செக்சன் எனக்குத் தெரியும். தீபாவளிக்கு விற்கிற பரிசுப் பெட்டியை அங்கேதான் நிரப்புவார்கள். நீள மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள். பெட்டி நகர்ந்து வர வர ஆளுக்கு ஒரு சாமான் வைப்பார்கள், ஒருத்தி கம்பி மத்தாப்பு, ஒருத்தி சங்குசக்கரம், ஒருத்தி பூச்சட்டி. கடைசியில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கணும். எது விட்டுப்போயிருக்கோ அதன் பேரைச் சத்தமாகச் சொல்லணும், வைக்காதவள் அங்கிருந்து எடுத்து அனுப்புவாள். மேசை நிறைய ஆட்களுக்கு முன்னால் ஒருத்தியின் தவறைக் கூவிச் சொல்கிற வேலை. என்னைத் தண்டிக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து யோசித்தால்கூட இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது.

மதினி வாயைத் திறந்தாள். டாக்டரம்மா கையை உயர்த்தினார். "அவங்க சொல்லட்டும். உங்களுக்குச் சம்மதமாம்மா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மேசை, ஒரு பக்கம் டிவி.

"வாரேன்," என்றேன்.

"என்ன சொல்லுதாக?" என்றார் போர்மேன்.

"வாரேன்னு சொல்லுதாக," என்றது நர்சு, என் கையில் கட்டுப் போட்டுக்கொண்டே.

திங்கட்கிழமை மேசைக் கோடியில் உட்கார்ந்தேன். இங்கேயும் பேச்சுக்குக் குறைவில்லை, சின்ன வயசுப் பிள்ளைகள், கதையெல்லாம் புதுசு. முதல் பெட்டிகள் சரியாக வந்தன. அப்புறம் ஒரு பெட்டியில் சங்குசக்கரம் இல்லை. சக்கரம் வைக்கிற பிள்ளை மும்முரமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எப்படி நடுவில் கூப்பிடுவது? நானே எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சக்கரப் பாக்கெட்டை எடுத்துவந்து வைத்தேன். திரும்பி உட்கார்வதற்குள் பெட்டிகள் சேர்ந்துவிட்டன. அதில் ஒன்றில் மத்தாப்பு இல்லை. மறுபடியும் எழுந்தேன். என்ன நடக்கிறது என்று கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை.

"பெரியம்மா எதுக்கு மேசையைப் பிரகாரம் சுத்துதாக?" என்று ஒருத்தி கேட்க, மேசை முழுக்கச் சிரித்தது. பெட்டிகள் என் முன்னால் குவிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. போர்மேன் வாசலில் வந்து நின்று பெட்டிகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த பெட்டியில் பூச்சட்டி இல்லை. எழுந்திருக்க முழங்கால் வரவில்லை. பூச்சட்டிக்காரி மேசையின் அந்தக் கோடியில் இருந்தாள். தொண்டையைச் செருமினேன். "பூச்சட்டி," என்றேன். எனக்கே கேட்கவில்லை. பெட்டி ஒன்று சரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "பூச்சட்டி இல்ல," என்றேன்.

பேச்சு நின்றுவிட்டது. சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. யாரோ வேறு ஒரு பொம்பளை கத்தியது மாதிரி இருந்தது.

"ஆத்தாடி, யாரு அது?"

"பெரியம்மா டி."

"இம்புட்டுக் குரலை வச்சுக்கிட்டா சும்மா இருந்தீக?"

பூச்சட்டிப் பாக்கெட் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. பெட்டியில் வைத்து மூடினேன். காதெல்லாம் சூடாக இருந்தது. போர்மேனைக் காணோம், போய்விட்டிருந்தார். அடுத்த பெட்டியை இழுத்துத் திறந்து பார்த்தேன். எல்லாச் சாமானும் சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.